பழைய படகு மோட்டாரின் கீழ்ப்பகுதி: தண்ணீர் புகுந்தால் பிரித்துச் சரிசெய்வது எப்படி?

தெலுக் இந்தான், பாகான் டத்தோ, கேரித் தீவு போன்ற இடங்களில் தோட்டத்தை ஒட்டியே ஆறு ஓடுகிறது. சற்றுத் தள்ளிக் கடலும் இருக்கிறது. வேலை முடிந்த பிறகும் விடுமுறை நாளிலும் உடாங் காலாவுக்கும் மீனுக்கும் சிறிய ஃபைபர் படகில் போகிறவர்கள் நம்மவர்களில் உண்டு. அந்தப் படகுகளின் பின்னால் தொங்குவது பெரும்பாலும் இரண்டாம் கையாக வாங்கிய பழைய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார். மலாயில் இதை ‘எஞ்சின் சங்குட்’ என்பார்கள்.

இந்த மோட்டார்களின் மேல்பகுதி எளிதில் கெடுவதில்லை. பிளக்கை மாற்றி, கார்புரேட்டரைக் கழுவினால் மீண்டும் ஓடும். தொல்லை தருவது தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் கீழ்ப்பகுதி, அதாவது லோவர் யூனிட். அது கைவிட்டால் மேலே எஞ்சின் இரைந்துகொண்டிருக்கும், படகு மட்டும் நகராது. ஆற்றில் என்றால் கரைக்குத் துடுப்புப் போடலாம். கோலாவில் நீர் வற்றும் நேரத்தில் அப்படி நடந்தால் ஓட்டம் படகைக் கடலுக்கு இழுத்துப் போய்விடும்.

கீழ்ப்பகுதியைக் கெடுப்பது பெரும்பாலும் வயதல்ல, தண்ணீர். கியர் எண்ணெய்க்குள் தண்ணீர் புகுந்தால் பேரிங் துருப்பிடிக்கும். துருப்பிடித்த பேரிங்கில் ஷாஃப்ட் ஆடும். ஷாஃப்ட் ஆடினால் கியரின் பல் உடையும். சீல் சில வெள்ளியில் கிடைக்கும் பொருள். கியர் செட்டுக்கோ நூற்றுக்கணக்கான வெள்ளி ஆகும். ஆகவே கீழ்ப்பகுதியைப் பிரிக்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘எது உடைந்தது?’ என்பதல்ல, ‘தண்ணீர் எந்த வழியாக வந்தது?’ என்பதே. அதற்கு விடை காணாமல் புதுச் சாமான் போட்டால், அதே வேலையை மறுபடியும் செய்ய நேரும்.

உள்ளே இருப்பவை

எஞ்சினிலிருந்து கீழே இறங்குவது நிமிர்ந்த ஷாஃப்ட். அதன் அடியில் சிறிய பினியன் கியர் இருக்கிறது. பினியன் ஒரே நேரத்தில் இரண்டு பெரிய கியர்களைச் சுற்றுகிறது. ஒன்று முன்னோக்கிப் போவதற்கு, மற்றொன்று பின்னோக்கிப் போவதற்கு. இவ்விரண்டும் எஞ்சின் ஓடும்போதெல்லாம் எதிரெதிர்த் திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இரண்டுக்கும் நடுவே, விசிறி ஷாஃப்ட்டின் மேல், பல் கொண்ட கிளட்சு ஒன்று முன்னும் பின்னும் நகரும். கியரைத் தள்ளும்போது கிளட்சு ஏதாவது ஒரு கியரின் பல்லில் போய்க் கவ்விக்கொள்கிறது. அப்போதுதான் விசிறி சுற்றுகிறது. நடுவில் நின்றால் ‘நியூட்ரல்’.

இவை எல்லாம் கியர் எண்ணெயில் மூழ்கியிருக்கும். பெட்டிக்கு வெளியே தண்ணீர். இரண்டையும் பிரித்து வைப்பவை இவை மட்டுமே:

- விசிறி ஷாஃப்ட் வெளியே வரும் இடத்திலுள்ள சீல்கள். பெரும்பாலும் இரண்டு இருக்கும்.
- நிமிர்ந்த ஷாஃப்ட் மேலே போகும் இடத்திலுள்ள சீல்கள். இவை தண்ணீர் பம்புக்கு அடியில் இருக்கும்.
- கியர் கம்பி நுழையும் இடத்திலுள்ள சிறிய சீல் அல்லது ஓ-ரிங்.
- பேரிங் கூட்டைச் சுற்றியுள்ள பெரிய ஓ-ரிங்.
- மேல், கீழ் எண்ணெய்த் திருகுகளின் வாஷர்கள்.

தண்ணீர் புகுந்திருந்தால் இந்த ஐந்தில் ஒன்றில்தான் ஓட்டை. இவை நன்றாக இருந்தும் தண்ணீர் வந்தால், பெட்டியிலேயே விரிசல் இருக்கிறது என்று பொருள்.

பிரிக்காமலேயே தெரிந்துகொள்ளலாம்

மோட்டாரை ஓர் இரவு நிமிர்ந்த நிலையில் அசையாமல் விடுங்கள். காலையில் கீழ்த் திருகைச் சற்றே தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. இரவில் அடியில் தங்கிவிடும். முதலில் தண்ணீர் சொட்டினால் கசிவு உறுதி. எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் வெளுத்து வந்தால், தண்ணீர் கலந்த நிலையிலேயே மோட்டார் ஓடியிருக்கிறது. எண்ணெய் கறுத்திருந்தால் பழசு, அவ்வளவுதான்.

எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி விரலால் தடவிப் பாருங்கள். மாவுபோல் மெல்லிய சாம்பல் பசை சிறிது இருப்பது வழக்கமான தேய்மானம். நகத்தால் எடுக்கக்கூடிய இரும்புத் துணுக்கு இருந்தால் கியரோ பேரிங்கோ உடைகிறது. அந்த மோட்டாரை இனி ஓட்டக்கூடாது.

வேறு சில அறிகுறிகளும் உண்டு:

கியரில் போட்டதும் ‘டக், டக்’ என்று உதறி வெளியேறுகிறது. கிளட்சுப் பல்லின் முனை மழுங்கிவிட்டது. கியர் கம்பியின் நீளம் சரியாக இல்லாவிட்டாலும் இப்படி நடக்கும். எனவே முதலில் கம்பியைச் சரிபாருங்கள்.

மெதுவாகப் போகிறது, வேகம் கூட்டினால் எஞ்சின் மட்டும் இரைகிறது. கீழ்ப்பகுதியைப் பழிக்க அவசரப்பட வேண்டாம். விசிறியின் நடுவிலுள்ள ரப்பர் வழுக்கியிருக்கலாம். விசிறியின் உட்குழாயிலிருந்து வெளிப்பகுதிவரை ஒரே கோடாக பெயிண்டால் குறியிட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்ததும் கோடு விலகியிருந்தால் விசிறியை மாற்றினால் போதும். சிறிய பழைய மோட்டார்களில் விசிறியைப் பிடித்திருக்கும் பின் முறிந்தாலும் இதே நிலைதான்.

பக்கத்தில் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்துவிட்டது. இது பம்பின் பிரச்சினை. கீழ்ப்பகுதியைக் கழற்ற வேண்டும், ஆனால் கியர் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை.

எண்ணெயில் தண்ணீர் இருப்பது தெரிந்தும் உடனே பிரிக்க நேரமில்லை என்றால், அன்றே எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெய் நிரப்பி வையுங்கள். தண்ணீரோடு சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளும் பேரிங்கில் துரு ஏறும்.

காற்றை அடைத்துச் சோதித்தல்

பலர் விட்டுவிடும் படி இதுதான். பிரித்துவிட்டால் கசிந்த இடம் தெரியாமல் போய்விடும். பிரிப்பதற்கு முன்பே தேட வேண்டும்.

எண்ணெயை வடித்துவிட்டுக் கீழ்த் திருகை இறுக்குங்கள். மேல் துளையில் பொருந்தும் ஒரு குழாய் முனையை மாட்டி, அழுத்தமானி உள்ள கைப்பம்பால் மெல்லக் காற்றை ஏற்றுங்கள். 10 முதல் 14 பிஎஸ்ஐ போதும். இது கார் டயர் காற்றில் பாதிக்கும் குறைவு. பெரிய கம்ப்ரசரை நேராக மாட்ட வேண்டாம். நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

கீழ்ப்பகுதியைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துங்கள். குமிழி வரும் இடமே கசிவு. குமிழி வராவிட்டால், ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். விசிறி ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். கியர் கம்பியை ஆட்டிப் பாருங்கள். சில சீல்கள் ஷாஃப்ட் சுற்றும்போது மட்டுமே கசியும். வெற்றிடப் பம்பு கிடைத்தால் அதைக்கொண்டும் சோதிப்பது நல்லது. வெளித் தண்ணீரைத் தடுக்கும் சீலின் பலவீனம் உள்ளிருந்து தள்ளும்போது தெரியாது, உள்ளிருந்து உறிஞ்சும்போது தெரியும்.

மோட்டார் ஓடும்போது பெட்டி சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. எஞ்சினை நிறுத்தியதும் ஆற்றுத் தண்ணீரில் அது குளிர்ந்து சுருங்கும்போது, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சுகிறது. ‘ஓடும்போது நன்றாகத்தானே இருந்தது’ என்று தோன்றுவது இதனால்தான்.

கசிந்த இடத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

சாமான் வாங்குமுன்

மோட்டாரைப் படகில் பிடிக்கும் இரும்புக் கையில் ஒரு தகடு இருக்கும். அதிலுள்ள மாடல் எண்ணைப் படம் பிடித்துக் கடைக்கு எடுத்துப் போங்கள். குதிரைத்திறனை மட்டும் சொன்னால் போதாது; ஒரே 15 குதிரைத்திறனில் பல தலைமுறை மோட்டார்கள் உண்டு. சாமான்களும் வேறுபடும்.

பழைய மோட்டாருக்குச் சீல் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். சீலின் மேல் மில்லிமீட்டரில் மூன்று எண்கள் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு. பேரிங் கடைகளில் அந்த அளவுக்குச் சீல் கிடைக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் சுருள் ஸ்பிரிங் எதனால் ஆனது என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண இரும்பு ஸ்பிரிங் உப்புத் தண்ணீரில் அரித்துப்போகும். துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும்.

கீழ்ப்பகுதியைத் திறந்துவிட்டால் எல்லாச் சீல்களையும், ஓ-ரிங்குகளையும், திருகு வாஷர்களையும், பம்பு இம்பெல்லரையும் மாற்றிவிடுவதே சிக்கனம். பாதி மாற்றினால் மீதி பாதிக்காக மறுபடியும் திறக்க வேண்டும்.

கழற்றுதல்

பிளக் வயர்களைக் கழற்றுவது முதல் வேலை. ஷாஃப்ட்டைக் கையால் சுற்றும்போது எஞ்சின் பற்றிக்கொண்டால் விரல் போகும். பெட்ரோல் தொட்டியையும் அப்புறப்படுத்துங்கள், பிறகு சூடேற்ற வேண்டியிருக்கும்.

விசிறியைக் கழற்றியதும் அதன் பின்னால் பாருங்கள். நைலான் தூண்டில் நூலோ வலை இழையோ சுற்றியிருந்தால், கசிவின் காரணம் பெரும்பாலும் உங்கள் கையிலேயே இருக்கிறது. சுற்றிய நூல் சூடாகி இறுகிச் சீலின் உதட்டை அறுத்துவிடும். விசிறி ஷாஃப்ட் சீல் கசிவதற்கு மிகவும் வழக்கமான காரணம் இதுவே.

அடுத்து, கியர் கம்பியின் இணைப்பைக் கழற்றுங்கள். பிறகு கீழ்ப்பகுதியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். பல மாடல்களில் ஒரு போல்ட், விசிறிக்கு மேலே இருக்கும் சிறிய துடுப்புத் தகட்டுக்கு அடியில் மறைந்திருக்கும். அதைத் தேடாமல் இழுத்தால் பெட்டி உடையும். தகட்டைக் கழற்றுமுன் அது நின்ற கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உப்புத் தண்ணீரில் ஓடிய மோட்டாரில் போல்ட் எளிதில் வராது. அலுமினியப் பெட்டியும் எஃகு போல்ட்டும் உப்புத் தண்ணீரில் சேரும்போது அலுமினியம் அரித்து, வெள்ளை மாவாகப் பொங்கி, போல்ட்டை இறுக்கிவிடுகிறது. நீண்ட ஸ்பேனரால் முறுக்கினால் தலை முறியும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற வையுங்கள். பிறகு போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கி, போல்ட்டின் தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டி, முன்னும் பின்னுமாகத் திருகுங்கள். கால் திருப்பு வந்தால் மறுபடி எண்ணெய். இதில் பொறுமையே கருவி.

பிரித்தல்

ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். அகன்ற தட்டின் மேல் வைத்து வேலை செய்யுங்கள்.

முதலில் தண்ணீர் பம்பு. மூடியைக் கழற்றி, இம்பெல்லரை மேலே இழுங்கள். அதற்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே சிறிய சாவித் துண்டு இருக்கும். அது காணாமல் போனால் பம்பு சுற்றாது.

அடுத்து பேரிங் கூடு. இது விசிறிப் பக்கம் இரண்டு போல்ட்டுகளாலோ, பெரிய வளைய நட்டாலோ பிடிக்கப்பட்டிருக்கும். கூடு பெட்டியோடு ஒட்டியிருந்தால், அதன் காதுகளுக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்ப வேண்டாம். காது உடைந்தால் கூடே வீண். பெட்டியின் வெளிப்புறத்தைச் சுற்றிச் சமமாகச் சூடாக்கிப் புல்லரால் இழுங்கள்.

கூட்டோடு விசிறி ஷாஃப்ட்டும், பின்னோக்கிக் கியரும் வெளியே வரும். ஷாஃப்ட்டின் முனையிலுள்ள சிறிய ஊசி, குண்டு, ஸ்பிரிங் துள்ளி விழலாம், கவனம்.

இப்போது உள்ளே பினியன் நட் தெரியும். நட்டை அசையாமல் பிடித்து, மேலிருந்து நிமிர்ந்த ஷாஃப்ட்டைத் திருப்பிக் கழற்ற வேண்டும். ஷாஃப்ட்டின் பற்களை நேரடியாகக் குறடால் கவ்வினால் அது எஞ்சினில் ஏறாது. அந்தப் பற்களுக்குப் பொருந்தும் பிடிப்பான் இருக்கிறது. இல்லாவிட்டால் பழைய கிராங்க் ஷாஃப்ட்டின் முனையை வெட்டி அதில் ஒரு நட்டை வெல்டிங் செய்து பயன்படுத்தலாம். சிறிய மோட்டார்களில் நட்டுக்குப் பதில் வளையக் கிளிப் இருக்கும்.

நட் வந்ததும் ஷாஃப்ட்டை மேலே இழுக்க, பினியன் கீழே விழும். கடைசியாக முன்னோக்கிக் கியர் வரும்.

பேரிங்குகளுக்கும் கியர்களுக்கும் பின்னால் மெல்லிய தகடுகள் இருக்கும். இவை ‘ஷிம்’. கியர்களின் பல் எவ்வளவு ஆழத்தில் கவ்வ வேண்டும் என்பதை முடிவு செய்பவை இவைதான். எந்த ஷிம் எங்கிருந்து வந்தது என்று தனித்தனிப் பையில் எழுதி வையுங்கள். கலந்துபோனால், இனி அளவெடுத்துத்தான் பூட்ட முடியும்.

எதை வைத்துக்கொள்ளலாம்?

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிக் காய வையுங்கள். பேரிங்கைக் காற்றடித்துச் சுழற்றக் கூடாது. எண்ணெயில்லாமல் சுழன்றால் கீறல் விழும்.

*ஷாஃப்ட்:* சீல் உட்காரும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் பள்ளத்தில் மாட்டினால் அங்கே எந்தப் புதுச் சீலும் நிற்காது. புதுச் சீல் போட்டும் ஒரே மாதத்தில் மறுபடி தண்ணீர் வருவது பெரும்பாலும் இதனால்தான். வழி மூன்று: ஷாஃப்ட்டை மாற்றலாம், மெல்லிய எஃகு உறை ஏற்றலாம், இடமிருந்தால் சீலைச் சற்றே தள்ளி உட்கார வைத்து, அதன் உதடு பள்ளமில்லாத இடத்தில் படும்படி செய்யலாம்.

*பேரிங்:* உருளைகளில் கறுப்புப் புள்ளியோ குழியோ இருந்தால் மாற்றுங்கள். துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுப் போடுவது பயன்படாது. வெளி வளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

*கியர்:* பல்லின் மேற்பரப்பு பளபளவென்று சமமாக இருந்தால் நல்லது. குழி, செதில், உடைந்த மூலை இருந்தால் கூடாது. முன்னோக்கிக் கியரும் பினியனும் ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை. ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றுங்கள்.

*கிளட்சு:* பல்லின் மூலைகள் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கியிருந்தால் கிளட்சையும், அது கவ்வும் கியரையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே மழுங்கும். அரம்போட்டுக் கூராக்கினால் சில நாள்தான் தாங்கும்.

*பெட்டி:* அடித் துடுப்பு கல்லில் மோதியிருந்தால் விரிசல் தேடுங்கள். சீல் உட்காரும் இடத்தில் அலுமினியம் அரித்துக் குழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெட்டி, கியர், பேரிங் எல்லாம் பழையவையே, சீல் மட்டும் புதிது என்றால் பழைய ஷிம்களையே போடலாம். கியரோ பேரிங்கோ பெட்டியோ மாறினால் ஷிம் அளவும் மாறக்கூடும். அதற்கு டயல் கேஜும் அந்த மாடலின் பழுதுபார்ப்புக் கையேடும் தேவை. இந்த ஒரு வேலைக்கு மட்டும் அனுபவமுள்ள ஃபோர்மனிடம் கொடுப்பது நல்லது. பல் அதிகமாக இறுகினால் சூடாகித் தேயும். அதிகமாகத் தளர்ந்தால் அடிபட்டு உடையும்.

சீல் பூட்டும் முறை

பழைய சீலை எடுக்குமுன் அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று படம் எடுங்கள். ஸ்பிரிங் தெரியும் பக்கம் எதைப் பார்க்கிறதோ அதைத்தான் சீல் தடுக்கிறது. சில மாடல்களில் ஒன்று எண்ணெயைப் பார்க்கும், மற்றொன்று தண்ணீரைப் பார்க்கும். வேறு சிலவற்றில் இரண்டும் தண்ணீரையே பார்க்கும். ஊகித்துப் போடக்கூடாது.

சீலின் வெளிவிட்டத்தைவிடச் சற்றே சிறிய சாக்கெட்டை மேலே வைத்து, சமமாக அழுத்தி இறக்குங்கள். ஒரு பக்கம் முதலில் இறங்கினால் சீல் கோணலாகிவிடும். இரண்டு சீல்களுக்கும் நடுவே தண்ணீரில் கரையாத மரீன் கிரீஸை நிரப்புங்கள். ஷாஃப்ட்டை நுழைக்கும்போது அதன் பற்கள் சீலின் உதட்டைக் கிழிக்காமலிருக்கப் பற்களின்மேல் வழவழப்பான டேப் ஒரு சுற்று சுற்றுங்கள்.

புதிய பேரிங்கை ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்து, பெட்டியை வெந்நீராலோ சூடான காற்றாலோ சூடாக்கினால் இரண்டும் எளிதில் சேரும். ஊசி பேரிங்கை எண் பொறித்த பக்கத்தில் மட்டுமே அழுத்த வேண்டும்.

மறுபடி பூட்டுதல்

கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். முன்னோக்கிக் கியர், பினியன், நிமிர்ந்த ஷாஃப்ட், பிறகு பினியன் நட். நட்டைப் புதிதாகப் போட்டு, மரையை எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்து, மரை ஒட்டும் திரவம் இட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். இந்த நட் கழன்றால் பெட்டி முழுவதும் போய்விடும்.

கிளட்சுக்கு முன் பக்கம், பின் பக்கம் உண்டு. சிலவற்றில் ‘எஃப்’ என்ற எழுத்து பொறித்திருக்கும். அது முன்னோக்கிக் கியரைப் பார்க்க வேண்டும்.

பேரிங் கூட்டின் ஓ-ரிங்குக்கும் கூட்டின் வெளிப்புறத்துக்கும் தாராளமாக மரீன் கிரீஸ் தடவுங்கள். அடுத்த முறை திறக்கிறவர் உங்களை வாழ்த்துவார். எல்லா போல்ட்டுகளின் மரையிலும் இதே கிரீஸைப் பூசுங்கள், பினியன் நட் மட்டும் விதிவிலக்கு.

எண்ணெய் ஊற்றுமுன் காற்றழுத்தச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். முன்பு தாளில் எழுதிய இடத்தில் இப்போது குமிழி வரக்கூடாது. அழுத்தமானியின் முள் இறங்காமல் சில நிமிடங்கள் நின்றால் வேலை முடிந்தது. இறங்கினால், படகில் ஏற்றிய பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிந்தது நல்லது.

தண்ணீர் பம்பு

நம் கடலோரக் கோலாக்களில் சேறும் மணலும் அதிகம். அவை பம்புக்குள் போய் ரப்பர் இம்பெல்லரையும் அதன் அடித் தகட்டையும் தேய்க்கின்றன. தகட்டில் வட்டமான பள்ளம் விழுந்திருந்தால் புதிய இம்பெல்லர் போட்டும் பயன் குறைவு. தகட்டையும் உட்கிண்ணத்தையும் மாற்றுங்கள்.

சாவித் துண்டை வைத்து இம்பெல்லரை இறக்கி, மூடியை மேலே வைத்து அழுத்தும்போது, ஷாஃப்ட்டை மேலிருந்து பார்க்கையில் கடிகாரம் சுற்றும் திசையில் மெல்லத் திருப்புங்கள். இறக்கைகள் சரியான பக்கம் மடியும். அதன் பிறகு எதிர்த்திசையில் திருப்ப வேண்டாம்.

எண்ணெய்

கையேட்டில் குறித்த கியர் எண்ணெயையே ஊற்றுங்கள். யமஹா போன்ற பல மோட்டார்களுக்கு எஸ்.ஏ.இ. 90, ஜி.எல்.-4 வகை ஹைப்பாய்ட் கியர் எண்ணெய். எஞ்சின் எண்ணெய் கூடாது. 15 குதிரைத்திறன் மோட்டாருக்கு ஏறக்குறைய கால் லிட்டர் பிடிக்கும், மாடலுக்கேற்பக் கூடும் குறையும்.

எண்ணெயை மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும். கீழ்த் துளையில் எண்ணெய்க் குழாயை மாட்டி, மேல் துளையைத் திறந்து வைத்து, கீழிருந்து மேலாக நிரப்புங்கள். மேல் துளையில் குமிழியில்லாமல் எண்ணெய் வழிந்ததும் முதலில் மேல் திருகை மூடுங்கள். பிறகு குழாயை எடுத்துக் கீழ்த் திருகை விரைந்து மூடுங்கள். இரண்டுக்கும் புதிய வாஷர்.

வடித்த பழைய எண்ணெயை ஆற்றிலோ கால்வாயிலோ ஊற்ற வேண்டாம். 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பயன்படுத்திய மசகு எண்ணெய் மலேசியாவில் அட்டவணைக் கழிவுகளில் ஒன்று. போத்தலில் அடைத்து வாகனப் பட்டறையில் கொடுங்கள். அந்த ஆற்றில்தான் நாம் இறால் பிடிக்கிறோம்.

ஏற்றி ஓட்டிப் பார்த்தல்

நிமிர்ந்த ஷாஃப்ட்டின் பற்களின் பக்கவாட்டில் கிரீஸ் தடவுங்கள். உச்சியில் தடவ வேண்டாம். அடைபட்ட கிரீஸ் ஷாஃப்ட்டை முழுதாக உட்காரவிடாது. கீழ்ப்பகுதியை மேலே ஏற்றும்போது தண்ணீர்க் குழாய் தன் ரப்பர் துளையில் நுழைகிறதா என்று பாருங்கள். இடைவெளி மூடாவிட்டால் போல்ட்டால் இழுத்து மூடாதீர்கள். ஷாஃப்ட்டைச் சற்றே திருப்பினால் பற்கள் பொருந்தித் தானே உட்காரும்.

கியர் கம்பியை இணைத்து, பிளக் வயரை மாட்டாமலே சோதியுங்கள். நியூட்ரலில் விசிறி தடையின்றிச் சுற்ற வேண்டும். முன்னும் பின்னும் போட்டால் கிளட்சு முழுதாகக் கவ்வ வேண்டும். அரைகுறையாகக் கவ்வினால் கம்பியின் நீளத்தைச் சரிசெய்யுங்கள்.

தண்ணீரில்லாமல் மோட்டாரை ஓட்டக்கூடாது. சில விநாடிகளில் இம்பெல்லர் கருகும். பெரிய தோங்கில், பம்பு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி ஓட்டுங்கள். பக்கத் துளையில் தண்ணீர் பலமாகப் பீய்ச்ச வேண்டும். மெதுவான வேகத்தில் கியரைப் போட்டுப் பாருங்கள்.

முதல் 10 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எண்ணெயை மாற்றுங்கள். வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எது முன்னே வருகிறதோ அப்போது.

நீண்ட நாள் உழைக்க

கியரை மெதுவாக, தயங்கித் தயங்கிப் போடுவது மோட்டாருக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. எஞ்சினை மெதுவான வேகத்துக்குக் கொண்டுவந்து, கியரை ஒரே அசைவில் உறுதியாகப் போட வேண்டும். தயங்கினால் கிளட்சுப் பல் நுனியோடு நுனி உரசி மழுங்கும்.

ஒவ்வொரு மாதமும் விசிறியைக் கழற்றி நூல் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஓடினால் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுங்கள். துத்தநாகத் துண்டு பாதியாகக் கரைந்ததும் மாற்றுங்கள். அதன்மேல் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். அலுமினியத்துக்குப் பதில் கரைவதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது.

பழைய மோட்டார் வாங்கப் போகிறவர்கள், எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டு மட்டும் விலை பேச வேண்டாம். கீழ்த் திருகைத் தளர்த்தி நாலு சொட்டு எண்ணெய் பார்க்க விற்பவரிடம் கேளுங்கள். மறுத்தால் வேறு மோட்டாரைப் பாருங்கள். பெட்டியில் விரிசலும், உள்ளே கியர் செட்டும் பேரிங்கும் சேர்ந்து கெட்ட நிலையும் என்றால், சீர்செய்யும் செலவு மோட்டாரின் விலையைத் தாண்டும். அதைச் சாமானுக்காக மட்டும் வாங்கலாம்.

எண்ணெய் மாற்றிய தேதியையும் சீல் மாற்றிய தேதியையும் ஒரு சிறு அட்டையில் எழுதி மோட்டார் மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். எவ்வளவு நன்றாகப் பூட்டிய கீழ்ப்பகுதியும் ஒருநாள் கைவிடலாம். அந்த நாளுக்காக ஒரு துடுப்பு, நீளமான கயிற்றுடன் நங்கூரம், ஆளுக்கொரு பாதுகாப்பு மிதவைச் சட்டை ஆகியவை எப்போதும் படகில் இருக்கட்டும். எஞ்சின் நின்றதும் முதலில் நங்கூரத்தைப் போடுங்கள். மோட்டாரைப் பிறகு பார்க்கலாம்.